உப்புக்காற்றுக்குத் தாங்கும் ஜியோகேஷ் டப்பா: ராமநாதபுரம் கரைக்கு எது சரி?

கேள்வி சுருக்கமாக இது. கேட்டவர் கீழக்கரைக்காரர். அரியமான், தேவிபட்டினம், தனுஷ்கோடி ஆகிய மூன்று பக்கமும் ஜியோகேஷ் (ஜிபிஎஸ் வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டுக்காக மறைத்து வைக்கும் டப்பா) வைக்க ஆசைப்படுகிறார். வெயில், மழை இரண்டுக்கும் நிற்கிற டப்பா எது? வீட்டிலிருக்கும் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் போதுமா? வெளிநாட்டு வீடியோக்களில் எல்லோரும் புகழ்கிற ராணுவத் தோட்டாப் பெட்டியை ஆன்லைனில் வாங்கிவிடலாமா?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். தோட்டாப் பெட்டி வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் அது ராணுவ உபரிப் பொருள் கடையில் மலிவாகக் கிடைக்கும், மூடியில் நல்ல ரப்பர் இருக்கும், காட்டில் பல வருடம் கிடக்கும், எல்லாம் உண்மைதான். ஆனால் 2018 ஜூனில் ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டும்போது பெட்டி பெட்டியாகத் துருப்பிடித்த தோட்டாக்கள் வெளியே வந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். எண்பதுகளில் இங்கே இருந்த இலங்கைப் போராளிக் குழுக்களின் மிச்சம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் பச்சை நிற இரும்புப் பெட்டி ஒன்றைப் புதருக்குள் ஒளித்து வைத்தால், அதை முதலில் திறப்பது ஜியோகேஷ் தேடி வந்தவராக இருக்காது.

இந்தக் கரைக்கு டப்பா தேர்ந்தெடுப்பதில் மற்ற ஊர்களில் இல்லாத ஒரு நிபந்தனை இதனால் வந்துவிடுகிறது. தண்ணீர் புகாமல் இருந்தால் மட்டும் போதாது. தற்செயலாக எடுத்துப் பார்க்கும் மீனவருக்கோ, ஆடு மேய்க்கிறவருக்கோ, கடலோரக் காவல்காரருக்கோ திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். கஞ்சா, பீடி இலை, கடல் அட்டை, தங்கம் என்று இந்தக் கடல் வழியாகப் போவதும் வருவதும் நன்றாகப் பொதிந்து, தண்ணீர் படாமல் கட்டித்தான் போகின்றன. ஒளித்து வைத்த நீர் புகாத பொட்டலம் என்றால் இங்கே எல்லோருக்கும் ஒரே ஒரு அர்த்தம்தான். எனவே நான் சொல்லப்போகும் தேர்வுகள் எல்லாம் ஒளி ஊடுருவும் டப்பாக்கள். பொருளின் தரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 2000 மே 2-ஆம் தேதி அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்து வைத்திருந்த பிழையை நீக்கியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சில சாமான்களைப் போட்டு மறைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். தேடிக் கண்டுபிடிப்பவர்கள் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். அந்த முதல் வாளி பாதி மண்ணுக்குள் புதைந்திருந்தது, உள்ளே ஒரு பீன்ஸ் டப்பாவும் இருந்தது. இன்றைய விதிப்படி புதைக்கவும் கூடாது, தின்பண்டம் வைக்கவும் கூடாது. முதல் கேஷே இன்றைக்குத் தேறாது!

சரி, தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்று பார்ப்போம். இது புரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

மழை மேலே கொட்டுவதால் நனைகிற டப்பா குறைவு. பெரும்பாலான டப்பாக்கள் சூடும் குளிரும் மாறி மாறி வருவதால் நனைகின்றன. பகலில் நம்ம ஊர் வெயிலில் கிடக்கும் டப்பாவுக்குள் 60 டிகிரி வரை சூடு ஏறலாம். உள்ளே இருக்கும் காற்று விரிந்து, மூடி இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். மாலையில் திடீரென்று ஒரு மழை பிடித்து டப்பா 27 டிகிரிக்குக் குளிர்ந்தால், உள்ளே அழுத்தம் சுமார் 10 சதவீதம் குறைந்துவிடும். அது கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் டப்பாவை அமிழ்த்தியதற்குச் சமம். அந்த நேரத்தில் மூடியைச் சுற்றி மழைத்தண்ணீர் தேங்கி நின்றால், டப்பா அதை உறிஞ்சிக்கொள்ளும். மழை இல்லாத நாளிலும் இரவுக் காற்றின் ஈரத்தை இதே வழியில் இழுக்கும். மூடி லேசாகக்கூடக் கசியாதவரை பிரச்சினை இல்லை. கசிந்தால் தினமும் ஒரு சுற்று.

இதிலிருந்து மூன்று விஷயம் கிடைக்கிறது. டப்பா நிழலில் இருக்க வேண்டும். மூடி மேல் பக்கம் வராமல், கவிழ்ந்தோ படுத்தோ இருக்க வேண்டும், தண்ணீர் தேங்க இடம் கொடுக்கக் கூடாது. தேவைக்கு மேல் பெரிய டப்பா வேண்டாம், ஏனென்றால் உள்ளே காற்று அதிகமாக இருந்தால் உள்ளே இழுபடும் ஈரமும் அதிகம். ஒரு நோட்டும் பென்சிலும் வைக்க இரண்டு லிட்டர் டப்பா எதற்கு? ஜியோகேஷ் கணக்கில் 100 மில்லிக்குக் கீழே மைக்ரோ, 100 மில்லி முதல் ஒரு லிட்டர் வரை ஸ்மால், ஒரு லிட்டர் முதல் 20 லிட்டர் வரை ரெகுலர். உங்களுக்கு ஸ்மால் போதும், அதிலும் 300 முதல் 500 மில்லிக்குள்.

அடுத்து உப்பு. காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு) நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்கத் தன் நிலையம் ஒன்றை மண்டபம் ஊரில் வைத்திருப்பது சும்மா இல்லை. இரும்பு எவ்வளவு சீக்கிரம் போகும் என்று பார்க்க இதைவிட வசதியான இடம் கிடைப்பது கஷ்டம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. கடல் உப்பில் சாப்பாட்டு உப்பு மட்டும் இல்லை, மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. காற்றில் 33 சதவீதம் ஈரப்பதம் இருந்தாலே அது நீர் கோத்துக்கொள்ளும். நம் கரையில் ஈரப்பதம் அந்த அளவுக்கு இறங்குவது அபூர்வம். அதாவது உலோகத்தின் மேல் படிந்த உப்பு மழையே இல்லாவிட்டாலும் நாள் முழுக்க ஈரமாகவே இருக்கிறது.

அதனால்தான் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வேண்டாம் என்கிறேன். பாத்திரக்கடையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் நிக்கல் குறைந்த 200 வரிசை எஃகு. நல்ல கடையில் கிடைக்கும் 304-கூட கடலோரத்தில் முதலில் பழுப்பாகக் கறை பிடித்து, பிறகு புள்ளி புள்ளியாக அரிக்கும். கடல் பக்கத்துக்கென்றே இருப்பது 316, அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்த்திருப்பார்கள். ஆனால் அந்த வகையில் டிபன் பாக்ஸ் தேடினால் கிடைப்பது கஷ்டம். அதோடு மூடியும் அடிப்பாகமும் ஒட்டி உட்காரும் இடுக்கு இருக்கிறதே, அரிப்பு அங்கேதான் மற்ற இடத்தைவிட வேகமாக நடக்கும். உப்புத்தண்ணீர் அங்கே தேங்கும், காற்று புகாது, எஃகைக் காக்கும் மெல்லிய படலம் திரும்ப உருவாகாது. கடைசியில் மூடி இறுகிப்போய், வந்தவர் கல்லால் தட்டித் திறப்பார். பிஸ்கட் டின், மிட்டாய்த் தகர டப்பா பற்றிப் பேசவே வேண்டாம், ஐப்பசி மழையில் போய்விடும்.

காந்தம் வைத்த டப்பாவும் அப்படித்தான். நியோடிமியம் காந்தத்தின் மேல் இருக்கும் நிக்கல் பூச்சு ஒரு இடத்தில் உரிந்தால் போதும், உள்ளே ஊதி உதிர்ந்துவிடும். கறுப்பு ஃபெரைட் காந்தம் துருப்பிடிக்காது, ஆனால் பிடி குறைவு. எப்படியும் இங்கே காந்தம் ஒட்ட இரும்பு என்று எதைத் தேடுவீர்கள்? பாலமும் ரயில் பாதையும்தான். இரண்டின் பக்கமும் போகக் கூடாது.

இப்போது பிளாஸ்டிக். நாலு பக்கமும் கிளிப் போட்டு, உள்ளே சிலிகோன் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் வளையம்) இருக்கும் டப்பாதான் உலகம் முழுக்க ஜியோகேஷ்காரர்கள் அதிகம் நம்புவது. மதுரை, கொடைக்கானல் பக்கம் கேட்டால் நானும் அதைத்தான் சொல்வேன். கடற்கரைக்கு அதில் இரண்டு பலவீனம். ஒன்று, கிளிப் மடங்கும் இடம். மெல்லிய பாலிப்ரொப்பிலீன் பட்டைதான் அங்கே கீல். வெயில் பட்ட பாலிப்ரொப்பிலீன் நொறுங்கிப்போகும், ஒரு கிளிப் உடைந்தால் கேஸ்கெட் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். இரண்டு, மணல். கடலில் கால் நனைத்துவிட்டு வருகிறவர் ஈரக்கையோடும் மணலோடும்தான் திறப்பார். தட்டையான கேஸ்கெட்டில் ஒரு மணி மணல் உட்கார்ந்தால் அந்த இடத்தில் வழி திறந்துவிடும், மூடியவருக்கு அது தெரியவும் தெரியாது. பாறைக் காட்டில் வருடக்கணக்கில் நிற்கும் டப்பா இங்கே ஒரு விடுமுறைக் கூட்டத்தோடு முடிந்துவிடுவது இதனால்தான்.

நான் சிபாரிசு செய்வது வாய் அகன்ற எச்டிபிஇ (அடர்த்தி கூடிய பாலிஎதிலீன் பிளாஸ்டிக்) பாட்டில். பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் ரசாயனம் போட்டு வைப்பார்களே, பால் நிறத்தில், திருகு மூடியோடு, அது. மதுரையில் ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் எல்லா அளவிலும் கிடைக்கும். சுவர் கனமானது, மரை பெரியது. மணல் விழுந்தாலும் ஒரு தட்டுத் தட்டி, துடைத்துவிட்டுத் திருகலாம். கீல் இல்லை, கிளிப் இல்லை, உலோகம் ஒன்றுகூட இல்லை. சில பாட்டிலில் வெளிமூடிக்கு உள்ளே ஒரு தனி அடைப்பும் வரும், அந்த வகை இன்னும் நல்லது. ஆனால் உள் அடைப்பை வருகிறவர்கள் தொலைத்துவிடுவார்கள், அது இல்லாமலும் நிற்கிற பாட்டிலாகப் பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தாள் சுருட்டி இருப்பது தெரியும். அதுதான் நமக்கு வேண்டியது.

இதன் குறை என்னவென்றால் வெயில். நிறம் சேர்க்காத எச்டிபிஇ புற ஊதாக் கதிரில் நாளடைவில் வெளுத்து, மாவு பூத்து, கீறல் விடும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கறுப்பாக இருப்பது இந்தக் காரணத்தால்தான்: இரண்டு, இரண்டரை சதவீதம் கரித்தூள் கலந்தால் பாலிஎதிலீன் வெயிலைத் தாங்கும். ஆனால் கறுப்பு டப்பா அதிகம் சூடாகும், மேலே சொன்ன உறிஞ்சல் கூடும், உள்ளே இருப்பதும் தெரியாது. அதனால் பால் நிற பாட்டிலை வாங்கி நிழலில் வையுங்கள். நிழலே இல்லாத இடம் என்றால் அந்த இடத்தை மாற்றுங்கள், டப்பாவை மாற்றிப் பயனில்லை. பூச்சிமருந்து, உரக்கடை பாட்டில்களும் இதே பிளாஸ்டிக்தான் என்று யாராவது யோசனை சொல்வார்கள். எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம், குழந்தைகள் கை வைக்கிற பொருள்.

மைக்ரோ வேண்டும் என்றால் பெட் பாட்டில் ப்ரீஃபார்ம். சோடா, கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை ஊதிப் பெரிதாக்குவதற்கு முந்தைய நிலை, சோதனைக்குழாய் மாதிரி இருக்கும். பாட்டில் ஊதும் யூனிட்களில் கேட்டால் கைநிறையக் கொடுப்பார்கள். பெரிய பாட்டிலாக விரிய வேண்டிய பிளாஸ்டிக் முழுதும் அந்தச் சின்னக் குழாயில் இருப்பதால் சுவர் மிகக் கனம். மூடி, வாயு நிறைந்த பானத்தின் அழுத்தத்தையே பிடித்து வைக்கச் செய்தது. தண்ணீர் பாட்டிலின் குட்டை மூடி வகை வேண்டாம், சோடா வகை 28 மில்லிமீட்டர் கழுத்து கேளுங்கள். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது: மூடி தொலைந்தால் எந்தப் பெட்டிக்கடையிலும் மாற்று மூடி கிடைக்கும். தாளைச் சுருட்டித்தான் வைக்க முடியும், எடுக்க ஒரு நூல் கட்டிவிடுங்கள்.

பிவிசி குழாயில் இரண்டு பக்கமும் மூடி ஒட்டிச் செய்வது பற்றியும் நீங்கள் படித்திருப்பீர்கள். தண்ணீர் புகாது, வெயில் தாங்கும், செலவு குறைவு. ஆனால் தூரத்திலிருந்து பார்க்க அது குழாய் வெடிகுண்டு. சிசிடிவி ஆட்கள் மாட்டுகிற சாம்பல் நிற ஐபி65 (தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத தரம்) ஜங்ஷன் பாக்ஸும் நல்ல டப்பாதான். அதை வைத்துப் பழக்கினால் அடுத்த முறை ஒரு பையன் உண்மையான மின்பெட்டியைத் திறந்து பார்ப்பான். இரண்டையும் விட்டுவிடுங்கள்.

காசு செலவழிக்கத் தயார் என்றால் கேமரா, மொபைல் வைக்கிற ஐபி67 பெட்டிகள் கிடைக்கின்றன. ஐபி67 என்றால் தூசி அறவே புகாது, ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தண்ணீர் புகாது என்று பொருள். புதிதாக, சுத்தமான கேஸ்கெட்டோடு சோதித்த அளவு அது. நாலு பேர் மணல் கையோடு திறந்து மூடிய பிறகு அந்த எண்ணுக்கு அர்த்தம் குறைவு. அதுவும் நாலு நாளில் யாராவது டப்பாவுக்காகவே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆய்வக பாட்டிலை யாரும் திருடுவதில்லை.

எதை வாங்கினாலும் வைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். வழக்கமாக எல்லோரும் உள்ளே டிஷ்யூ பேப்பரைப் போட்டு, கல் கட்டி வாளித் தண்ணீரில் ஓர் இரவு அமிழ்த்துவார்கள். அதில் தேறுகிற டப்பா வெளியே போய்த் தோற்பது சகஜம், ஏனென்றால் வாளியில் சூடு-குளிர் மாற்றம் இல்லை. நீங்கள் டப்பாவை மொட்டைமாடியில் உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் வைத்து, சுடச்சுட எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் அமுக்குங்கள். ஆறும்வரை தண்ணீருக்குள்ளேயே விட்டு, பிறகு டிஷ்யூவைப் பாருங்கள். அடுத்த கட்டமாக, மூடியின் மரையில் ஒரு சிட்டிகை கடற்கரை மணலைத் தூவி, கையால் ஒருமுறை மட்டும் துடைத்து மூடி, அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கிளிப் டப்பா பெரும்பாலும் இங்கேதான் விழும்.

கேஸ்கெட்டுக்குத் தேங்காய் எண்ணெய், வாசலின் தடவுகிற பழக்கம் உண்டு. வேண்டாம். மணலைப் பிடித்து வைக்கும், எறும்பையும் கூப்பிடும்.

உள்ளே வைக்கும் தாளில் கவனம் செலுத்தினால் டப்பா கொஞ்சம் தோற்றாலும் கேஷ் பிழைக்கும். அச்சகத்தில் நான்-டியரபிள் பேப்பர் என்று கேளுங்கள், அடையாள அட்டை, மெனு கார்டு அடிக்கப் பயன்படுத்துவது. பிளாஸ்டிக் தாள்தான், நனைந்தாலும் கூழாகாது, துடைத்துவிட்டு எழுதலாம். ஒரு ஏ4 தாளைப் பட்டை பட்டையாக வெட்டினால் பல கேஷ்களுக்கு வரும். எழுதப் பென்சில் மட்டும். ஜெல் பேனா ஈரத்தில் கரையும், பால்பாயிண்ட் பேனா வெயிலில் ஒழுகும். மெட்டல் ஷார்ப்னர் வைக்காதீர்கள், அதன் துரு தாள் முழுக்க ஏறும். ஜிப்லாக் பை போடலாம், தாளுக்கு மட்டும் ஒன்று. பைக்குள் பை போட்டால் ஒருமுறை ஈரம் புகுந்தபின் வெளியே போக வழி இல்லாமல் அதுவே நனைத்து வைத்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பொட்டலம் அடைத்து வைத்த டப்பாவில்தான் வேலை செய்யும், நாலு முறை திறந்தபிறகு அது வெறும் பொட்டலம். பராமரிக்கப் போகும்போது மாற்றுவதாக இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் விடுங்கள். மிட்டாய் மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் கூடாது, எறும்பு ஒரே இரவில் குடும்பத்தோடு வந்துவிடும்.

லேபிளை வெளியே ஒட்டாமல் உள்பக்கமாக, எழுத்து வெளியே பார்க்கும்படி வையுங்கள். வெளியே ஒட்டியதை வெயில் உரித்துவிடும். தமிழில் பெரிதாக எழுதுங்கள்: “இது ஜியோகேஷிங் விளையாட்டுப் பெட்டி. உள்ளே பெயர் எழுதும் தாளும் பென்சிலும் மட்டுமே உள்ளன. ஆபத்து எதுவும் இல்லை. இடைஞ்சலாக இருந்தால் இந்த எண்ணில் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறோம்.” கீழே ஆங்கிலத்திலும் அதையே. வைக்கிற அன்றே பக்கத்துக் கடைக்காரரிடம், மீனவ கிராமம் என்றால் ஊர்த் தலைவரிடம், கீழக்கரைப் பக்கம் என்றால் ஜமாஅத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கடலோரக் காவல் நிலையத்திலும் ஒரு படத்தைக் காட்டிவைப்பது நல்லது. இடத்தின் சொந்தக்காரர் அனுமதி விதியிலேயே இருக்கிறது, இதெல்லாம் அதற்கு மேல்.

இனி நீங்கள் சொன்ன மூன்று இடங்கள்.

அரியமான் சுலபம். சவுக்கு நிழல் இருக்கிறது, பாக் நீரிணைப் பக்கம் என்பதால் அலை அடக்கம். ஆனால் சவுக்கு வெட்டுக்கு வரும் மரம், தோப்பு யாருடையது, எப்போது வெட்டுவார்கள் என்று கேட்டுக்கொண்டு வையுங்கள். தரையில் விழுந்து கிடக்கும் சவுக்குச் சருகுக்குள் புதைப்பதைவிட, அடிமரத்தில் இடுப்பு உயரத்துக்குக் கீழே கட்டித் தொங்கவிடுவது மேல். ஆணி அடிக்க வேண்டாம். கட்டுவதற்குப் படகுக்காரர்கள் பயன்படுத்தும் முறுக்கிய பிளாஸ்டிக் கயிறு நல்லது, வெயிலுக்கு நிற்கும். தங்கூசி நரம்பு (மெல்லிய நைலான் தூண்டில் இழை) வேண்டாம், அது பறவைக் காலில் சிக்கும். அங்கே ஒரு டீக்கடைக்காரர் சம்மதித்து, கடைக்குப் பின்னால் வைக்க இடம் கொடுத்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருப்பதால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேண்டாம்.

தேவிபட்டினத்தில் நவபாஷாணத்துக்கு அருகில் எதையும் வைக்காதீர்கள். வழிபாட்டு இடம், எந்நேரமும் கூட்டம், கேட்பாரற்ற டப்பா என்றால் பதறுவார்கள். ஊருக்கு வெளியே போனால் எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேலம். அதில் ஒளிப்பது வசதியாகத் தெரியும். முள் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த மாவட்டத்தில் கருவேலம் விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் போகிற மரம். இன்றைக்குப் புதராக இருப்பது அடுத்த மாதம் வெட்டவெளி. கல் இடுக்கும் வேண்டாம். சுருட்டை விரியனும் தேளும் அதைத்தான் தேடும், வருகிறவர்கள் கண்ணால் பார்க்காமல் கையை விடுவார்கள். எனவே கண் மட்டத்தில், கை விடாமல் எடுக்கிற மாதிரி, சொந்தக்காரர் தெரிந்த ஒரு வேலி ஓரம் பாருங்கள்.

டப்பாவை மறைக்க மேலே ஒட்டுவது பற்றி ஒரு எச்சரிக்கை. கரையில் கிடக்கிறதே என்று பவளப் பாறைத் துண்டை எடுத்து ஒட்டிவிடாதீர்கள். செத்த பவளமாக இருந்தாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்கல் வரும். பனை மட்டைத் துண்டு, தேங்காய் நார், பழைய மீன்வலைத் துணுக்கு எல்லாம் பொருத்தமாக இருக்கும், செலவும் இல்லை. ஆனால் லேபிள் தெரிகிற பக்கத்தை மூடாதீர்கள்.

தனுஷ்கோடியில் டப்பாவே வேண்டாம் என்பது என் கருத்து. சோழகக் காற்று வீசும் மாதங்களில் மணல் சாலையையே மூடுகிற இடம். மணல்மேட்டில் வைத்த டப்பா ஒரே வாரத்தில் ஒரு முழம் கீழே போய்விடும், தேடுகிறவர் தோண்டுவார், தோண்டுவது விதிக்கு விரோதம். வாடைக்காலத்தில் கடல் ஏறினால் அதே டப்பா கடல் குப்பை. தேவாலயம், ரயில் நிலையம் போன்ற 1964 புயல் இடிபாடுகளில் வைத்தால், தேடுகிறவர்கள் கல்லைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். ஏற்கெனவே உதிர்ந்துகொண்டிருக்கும் சுவர்கள் அவை. 2025 ஜூனில் தனுஷ்கோடிப் பகுதியைப் பெரும்பூநாரைச் சரணாலயமாக அறிவித்ததால் வனத்துறை அனுமதி என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. கடலுக்குள் இருக்கும் தீவுகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் அனுமதியில்லாமல் காலே வைக்க முடியாது.

அதற்கு மாற்று இருக்கிறது. எர்த்கேஷ் என்று ஒரு வகை உண்டு, அதில் டப்பா கிடையாது. வருகிறவர் நிலத்தைப் பார்த்து, நீங்கள் கேட்கும் புவியியல் கேள்விக்குப் பதில் அனுப்ப வேண்டும். தனுஷ்கோடியின் கடைசியிலுள்ள அரிச்சல்முனையில் இரண்டு பக்கக் கடலும் சேர்ந்து மணலை எப்படி ஒரு நீண்ட முனையாகக் குவிக்கின்றன, பெண்கடல் (பாக் நீரிணை) பக்கமும் ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கமும் அலையும் கரைச் சரிவும் எப்படி வேறுபடுகின்றன என்று கேட்டால் போதும், அதைவிட நல்ல கேள்வி எங்கே கிடைக்கும்? அனுமதி இதற்கும் வாங்க வேண்டும், ஆனால் எதையும் விட்டுவிட்டு வருவதில்லை என்பதால் கேட்பது சுலபம்.

மற்ற இரண்டு இடங்களிலும், ஒரு கேஷுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்ற விதி உங்களுக்குப் பிரச்சினையே இல்லை, இந்தக் கரையில் இடத்துக்கா பஞ்சம்.

பராமரிப்புக்கு வருடத்தில் இரண்டு முறை போய் வந்தால் போதும். புரட்டாசிக் கடைசியில் ஒருமுறை, மழை தொடங்குவதற்கு முன்: மரையைப் பழைய டூத் பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, தாள் நிறைந்திருந்தால் மாற்றுங்கள். தை பிறந்ததும் இன்னொரு முறை, மழையில் என்ன ஆனது என்று பார்க்க. பாட்டிலை விரலால் அழுத்திப் பாருங்கள், முன்பு போல் வளையாமல் மொறமொறவென்று இருந்தால், கீறல் தெரியாவிட்டாலும் அதை எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள். போகும்போது பையில் ஒரு உபரி பாட்டிலும் நாலைந்து சோடா மூடியும் வைத்துக்கொண்டால் இரண்டாவது தடவை போக வேண்டியிருக்காது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் முன்கூட்டியே போய்க் கழற்றி வந்துவிடுங்கள், இணையத்தில் அந்தக் கேஷைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறது.